மூளைக்குள் நிற்கும் பேச்சு: கணினி அதை எப்படிக் கேட்கிறது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பிரிவில் 2023 ஜூலை மாதம் 45 வயதான ஒருவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, கை கால்களைத் தொடர்ந்து நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காத நிலைக்கு வந்திருந்தார். அவர் பேசுவது பழகிய சிலருக்கு மட்டுமே சிரமப்பட்டு விளங்கும்.

சிகிச்சை முடிந்து 25 நாட்கள் கழித்துக் கருவியை முதல்முறையாக இணைத்தார்கள். அவர் சொல்ல முயன்ற சொற்கள் எதிரே இருந்த திரையில் எழுத்தாக வந்தன. அவர் மகிழ்ச்சியில் அழுதுவிட்டார். நாங்களும்தான் அழுதோம் என்று ஆய்வுக் குழுவின் தலைவர்களில் ஒருவரான செர்கேய் ஸ்டாவிஸ்கி பின்னர் சொன்னார்.

இதுபோன்ற செய்திகள் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும்போது 'மனதைப் படிக்கும் கருவி வந்துவிட்டது' என்ற தலைப்போடுதான் வருகின்றன. பக்கவாதத்தில் படுத்திருக்கும் வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தலைப்பு ஆசையைக் கிளப்பும். மற்றவர்களுக்கு 'நாளைக்கு நம் எண்ணத்தையும் எவனாவது படித்துவிடுவானோ' என்ற பயம் வரும். இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஆசை, பயம் இரண்டுமே சரியான அளவுக்கு வந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது மனதைப் படிக்கவில்லை. வாய்க்குப் போகும் கட்டளையை வழியிலேயே பிடிக்கிறது.

பேச்சு என்பது அசைவு

மதரஸாவில் ஓதிய எவருக்கும் 'மக்ரஜ்' என்ற சொல் நினைவிருக்கும். இந்த எழுத்து தொண்டையின் அடியிலிருந்து, இது நாக்கின் நுனியிலிருந்து, இது இரு உதடுகளிலிருந்து என்று உஸ்தாத் வரிசையாகச் சொல்லித் தருவார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் தமிழ் எழுத்துகளுக்குச் சொல்வதும் இதே கணக்கைத்தான். ஒவ்வொரு ஒலியும் உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவை சேர்ந்து செய்யும் ஓர் அசைவு. அந்த அசைவுக்கான உத்தரவு மூளையின் மேற்பரப்பில், தசைகளை இயக்கும் பட்டையின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படுகிறது.

ஏ.எல்.எஸ். நோயாளிக்கு இந்த உத்தரவு பிறக்கிறது, போய்ச் சேருவதில்லை. மூளைத் தண்டில் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கும் இதே நிலைதான். சொல்ல வேண்டியது தெளிவாக இருக்கிறது, உத்தரவும் போகிறது, வழியில் பாலம் உடைந்து கிடக்கிறது.

உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆள் நிறுத்தி உத்தரவைக் கேட்டுக்கொள்ள முடியுமா? அதற்குத்தான் மின்முனைகள். நரம்பணு ஒன்று வேலை செய்யும்போது ஏறத்தாழ ஓர் ஆயிரத்தில் ஒரு வினாடி நீளத்துக்கு மிகச் சிறிய மின்துடிப்பு உண்டாகும். மனித மூளையின் மின்னோட்டத்தைத் தலைக்கு வெளியிலிருந்து முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர், 1924-ல். இன்றும் வலிப்பு நோய்க்கு எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை அந்த வழிதான். ஆனால் வெளியிலிருந்து கேட்பது கல்யாண மண்டபத்துக்கு வெளியே, தெருவில் நின்று கேட்பது போல. உள்ளே கூட்டம் இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது வரை தெரியும். யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போய் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

டேவிஸ் குழுவில் நரம்பியல் அறுவை மருத்துவர் டேவிட் பிராண்ட்மன் செய்தது அதுதான். பேச்சு உத்தரவு பிறக்கும் இடத்தில் நான்கு சிறு தகடுகளைப் பதித்தார். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஒவ்வொரு தகட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் 64 ஊசிமுனைகள். மொத்தம் 256.

யாரும் சூத்திரம் எழுதித் தரவில்லை

இனி வருவதுதான் கடினமான பகுதி. 256 முனைகளிலிருந்தும் இரண்டு வகை அளவுகளை வினாடிக்கு 50 முறை எடுக்கிறார்கள். ஒரு வினாடிக்கு 25,600 எண்கள். இந்த எண் வெள்ளத்தில் 'ப' எங்கே, 'ம' எங்கே என்று எந்த விஞ்ஞானியாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 'இந்த நரம்பணு துடித்தால் இந்த எழுத்து' என்ற நேரடிக் கணக்கும் கிடையாது. ஒரே நரம்பணு பல ஒலிகளில் பங்கெடுக்கும். ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னால் இரண்டு முறையும் துடிப்பு ஒரே மாதிரி இருக்காது.

விதி எழுத முடியாத இடத்தில்தான் இயந்திரக் கற்றல் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளையின் மழலையை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிக்கு ஒரு சொல்லும் புரியாது. வாப்பும்மா மட்டும் 'அவன் தண்ணி கேக்குறான்' என்பார். அவருக்கு யாரும் மழலை அகராதி தரவில்லை. குழந்தை இப்படிச் சத்தம் போட்டபோது தண்ணீர் கொடுத்தார், அழுகை நின்றது. வேறொன்றைக் கொடுத்தபோது நிற்கவில்லை. நூறு முறை தப்பும் சரியுமாகப் பார்த்ததில் காது பழகிவிட்டது.

கணினிக்கும் அதே பழக்கம்தான். திரையில் ஒரு வாக்கியம் காட்டுவார்கள். நோயாளி அதைப் பேச முயல்வார். அப்போது மூளையிலிருந்து வந்த எண்கள் ஒரு பக்கம், அந்த வாக்கியத்தின் ஒலிகள் மறுபக்கம். கணினிக்குள் இருக்கும் நரம்பு வலை என்ற கணித அமைப்பு எண்களைப் பார்த்து ஒலியை ஊகிக்கும். தவறினால் எவ்வளவு தவறு என்று அளந்து, தன் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான திருகுகளை ஒரு துளி மாற்றிக்கொள்ளும். மறுபடி ஊகிக்கும், மறுபடி திருகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளிக்குத் தெளிவான குரல் இல்லாததால் எந்த நொடியில் எந்த ஒலியைச் சொல்ல முயன்றார் என்று ஒலிப்பதிவை வைத்துக் குறிக்க முடியாது. வாக்கியத்தில் ஒலிகள் எந்த வரிசையில் வரும் என்பது மட்டும் தெரியும். பல வாக்கியங்களைப் பார்த்த பிறகு, எது எங்கே பொருந்தும் என்பதையும் இயந்திரமே கண்டுபிடித்துக்கொள்கிறது. சொல்லப்போனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இந்த ஒன்றுதான்.

இயந்திரம் சொற்களைக் கற்பதில்லை, ஒலிகளைக் கற்கிறது. ஆங்கிலத்துக்கு 39 ஒலிகள் போதும். அந்த 39-ஐப் பழகிவிட்டால், பயிற்சியில் ஒருமுறைகூட வராத சொல்லும் பிடிபடும். முதல் நாள் அரை மணி நேரப் பயிற்சியில் 50 சொற்கள் அடங்கிய சிறு பட்டியலை வைத்துப் பார்த்தபோது 99.6 சதவீதம் சரியாக வந்தது. இரண்டாம் நாள் இன்னும் 1.4 மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பட்டியலை 1,25,000 சொற்களுக்கு விரித்தார்கள். 90.2 சதவீதம் சரி. அடுத்து வந்த எட்டு மாதங்களில் 97.5 சதவீதத்தில் நிலைத்தது, அதாவது நாற்பது சொல்லுக்கு ஒரு சொல்தான் தவறு. நிமிடத்துக்குச் சுமார் 32 சொற்கள் வேகத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் 248 மணி நேரத்துக்கும் மேல் அவர் பேசினார். திரையில் வந்த சொற்களைக் கணினி, நோய்க்கு முந்தைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு உருவாக்கிய அவருடைய சொந்தக் குரலிலேயே வாசித்தது. இந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின.

ஒரு வருடத்துக்கு முன்பு ஸ்டான்ஃபோர்டு குழு நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தை எட்டியிருந்தது. ஆனால் பெரிய சொற்பட்டியலில் ஏறத்தாழ நாலில் ஒரு சொல் தவறாக இருந்தது. நாம் சாதாரணமாகப் பேசும்போது ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 160 சொற்கள் வரை வரும்.

மருந்தா, பருந்தா?

97.5 சதவீதம் என்ற எண்ணின் பின்னால் மூளை மட்டும் இல்லை. அங்கே ஒரு ஊகக்காரனும் இருக்கிறான்.

தமிழில் ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ம', 'ப' இரண்டுமே உதடுகளை மூடிப் பிறப்பவை. உத்தரவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. நோயாளி ஒரு சொல்லைச் சொல்ல முயல்கிறார். இயந்திரத்துக்கு அது 'மருந்து' போலவும் இருக்கிறது, 'பருந்து' போலவும் இருக்கிறது. அடுத்த சொல் 'கொடு' என்று தெளிவாக வந்துவிட்டது. 'பருந்து கொடு' என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஏராளமான வாக்கியங்களைப் படித்து எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று தெரிந்துவைத்திருக்கும் 'மொழி மாதிரி' என்ற இரண்டாவது நிரல் இங்கே குறுக்கிட்டு 'மருந்து' என்று முடிவு செய்யும். நம் கைப்பேசி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறதே, அதன் பெரிய அண்ணன் இது.

பெரும்பாலும் இது உதவிதான். ஆனால் கவனியுங்கள்: மொழி மாதிரி எப்போதும் வழக்கமான பேச்சின் பக்கம்தான் சாயும். மனிதர்கள் முக்கியமான நேரத்தில் சொல்வது பல சமயம் வழக்கத்துக்கு மாறானதாக இருக்கும். கடைசிக் காலத்தில் ஒருவர் சொத்தைப் பற்றி ஒன்று சொல்கிறார், அல்லது 'இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம்' என்கிறார். அது அவர் சொன்னதா, நிரல் நிரப்பியதா? ஒரு 'வேண்டாம்' தவறி 'வேண்டும்' ஆனால் என்ன ஆகும்? அதனால்தான் டேவிஸ் குழுவின் கருவியில், திரையில் வந்த வாக்கியம் சரியா தவறா என்பதை நோயாளியே கண் அசைவால் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது இல்லாத கருவியை நான் நம்ப மாட்டேன்.

பட்டியலில் இல்லாத சொல்லும் வராது. ஆங்கிலத்துக்கு 1,25,000 சொற்கள் ஓரளவு போதும். தமிழுக்குப் போதாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். ஒரு வினையை வேற்றுமையும் காலமும் இடமும் சேர்த்து எத்தனை விதமாக நீட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு. அதிலும் வாப்பா, லாத்தா, கண்ணும்மா என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் எந்தப் பொதுப் பட்டியலிலும் கிடைப்பது அரிது. தமிழில் இப்படி ஒரு கருவி வர வேண்டுமானால் மூளைப் பகுதியைவிட மொழிப் பகுதியில்தான் வேலை அதிகம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னாளில் கற்ற ஒருவரின் இரு மொழிகளையும் ஒரே கருவியால் பிடித்து 2024-ல் வெளியிட்டது. நாக்கையும் உதட்டையும் அசைக்கும் உத்தரவுகள் இரு மொழிக்கும் பெருமளவு பொதுவாகவே இருந்தன. ஒரு மொழியில் கற்றது அடுத்த மொழியைக் கற்கும் நேரத்தைக் குறைத்தது.

நாள்பட நாள்பட

கருவியைப் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. மூளை இளகிய பொருள். ஊசிமுனை மயிரிழை நகர்ந்தாலும் நேற்றுக் கேட்ட நரம்பணு இன்று கேட்காது. சுற்றிலும் தழும்புத் திசு வளரலாம். தலையில் வயர் இணைக்க வைத்த திறப்பு வழியாகக் கிருமி நுழையும் ஆபத்தும் உண்டு. ஆகவே இயந்திரம் தொடர்ந்து மறுபடி மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனைகள் மெல்லிய இழைகளில் இருந்தன. சில வாரங்களில் அந்த இழைகளில் சில மூளையிலிருந்து விலகிவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. நிரலை மாற்றித்தான் சமாளித்தார்கள். மண்டையைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாக மின்முனையை அனுப்பும் சின்க்ரான் நிறுவனத்தின் முறையும் பரிசோதனையில் இருக்கிறது. ஆபத்து குறைவு, ஆனால் கிடைக்கும் தகவலும் குறைவு.

2025-ல் டேவிஸ் குழு இன்னொரு படி ஏறியது. எழுத்தாக மாற்றாமல், மூளைத் துடிப்பை நேரடியாகக் குரலாகவே மாற்றினார்கள். தாமதம் ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கேள்வியாகக் கேட்பதும், ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதும் குரலில் வந்தன. கேட்டவர்களுக்கு ஏறத்தாழ 60 சதவீதச் சொற்கள் விளங்கின. கருவி இல்லாமல் அவர் பேசியதில் விளங்கியது 4 சதவீதம்.

அப்படியானால் எண்ணத்தைப் படிக்கவே முடியாதா?

'முடியாது' என்று முழுக்கச் சொல்லிவிட முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு 'செல்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நோயாளிகள் வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட வாக்கியங்களும் அதே பகுதியில் மெலிதான தடம் விடுகின்றன, அதையும் ஓரளவு பிடிக்க முடிகிறது என்று காட்டினார்கள். மனதுக்குள் எண்ணிக்கை எண்ணும்படியான வேலையைக் கொடுத்தபோது சில எண்கள் கசிந்தன. ஆய்வாளர்களே இதைக் கண்டு, பூட்டு ஒன்றும் செய்தார்கள்: நோயாளி மனதுக்குள் ஒரு ரகசியத் தொடரைச் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2023-ல் நடந்த வேறொரு ஆய்வில் அறுவை சிகிச்சையே இல்லை. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்துக் கதை கேட்டவர்களின் மூளை இரத்த ஓட்டத்தை வைத்து, அவர்கள் கேட்ட கதையின் சாரத்தை ஓரளவு எழுத்தாக்கினார்கள். ஆனால் அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் இயந்திரத்துக்குள் படுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவரிடம் பழகிய நிரல் இன்னொருவரிடம் பலிக்கவில்லை. அவர் வேண்டுமென்றே வேறு எதையாவது நினைத்தால் நிரல் தோற்றுப்போனது. உங்கள் சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமல் உங்கள் மனதை ஒருவர் படிக்கும் நிலை இன்று இல்லை.

ஆனாலும் சட்டம் முன்கூட்டியே வருவது நல்லது. சிலி நாடு 2021-ல் மூளைத் தகவலைக் காக்கும் திருத்தத்தைத் தன் அரசியல் சாசனத்தில் சேர்த்தது. 2024-ல் அமெரிக்காவின் கொலராடோ, கலிபோர்னியா மாநிலங்கள் நரம்புத் தகவலைத் தனிநபர் அந்தரங்கத் தகவல் பட்டியலில் சேர்த்தன.

நம் வீட்டில் ஒருவர் பேச முடியாமல் இருந்தால்

மேலே சொன்ன பேச்சுக் கருவிகள் கடையிலோ மருத்துவமனையிலோ விலைக்குக் கிடைப்பவை அல்ல, ஆராய்ச்சிப் பரிசோதனையில் இருப்பவை. 'மூளை சிக்னல் சிகிச்சை, உடனே பேச்சு வரும்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போவது ஒரே வகை இல்லை. சிலருக்குச் சொல் உள்ளே இருக்கிறது, வாய் ஒத்துழைப்பதில்லை. சிலருக்கு மூளையின் மொழிப் பகுதியே பாதிக்கப்பட்டு, சொல்லே கிடைக்காமல் தவிப்பார்கள். நாம் இதுவரை பார்த்த கருவிகள் முதல் வகையினருக்கானவை. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த வகை என்பதை நரம்பியல் மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையினருக்கு முன்னால், அவருக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து எதையும் பேசிவிடாதீர்கள். ஏ.எல்.எஸ். என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால், குரல் நன்றாக இருக்கும்போதே கைப்பேசியில் நிறையப் பேசிப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அவர் குரலைக் கணினியில் உருவாக்க அந்தப் பதிவுதான் பயன்படும்.

கருவி வரும்வரை ஓர் அட்டை போதும். ழான்-டொமினிக் போபி என்ற பிரெஞ்சு இதழாசிரியர் 1995-ல் பக்கவாதத்தில் உடல் முழுதும் செயலிழந்து, இடது கண்ணை மட்டும் இமைத்து ஒரு முழுப் புத்தகத்தையே சொல்லி எழுதவைத்தார். பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்து முதலில் வரும்படி அடுக்கிய வரிசையை ஒருவர் வாசிப்பார், சரியான எழுத்தில் அவர் கண் இமைப்பார். மொழி மாதிரி செய்யும் வேலையின் காகித வடிவம்தான் இது.

தமிழில் 247 எழுத்தையும் அட்டையில் எழுதினால் இருவருமே களைத்துப்போவீர்கள். 18 மெய்யெழுத்துகளை மூன்று வரிசையாகவும் 12 உயிரெழுத்துகளை இரண்டு வரிசையாகவும் பெரிதாக எழுதுங்கள். கீழே தண்ணீர், வலி, சளி, திருப்பிப் படுக்க வை, 'தப்பு, மறுபடி' என்று சில கட்டங்கள். முதலில் வரிசையைக் கேளுங்கள், பிறகு அந்த வரிசையில் எழுத்தைக் கேளுங்கள். 'கா' வேண்டுமென்றால் முதலில் 'க்', அடுத்து 'ஆ'. ஆம் என்றால் கண்ணை மேலே பார்க்கச் சொல்லுங்கள். பாதிச் சொல்லிலேயே மீதி உங்களுக்குப் புரிந்துவிடும், ஊகித்துச் சொல்லலாம். ஆனால் 'இதுதானே வாப்பா?' என்று கேட்டு, அவர் கண் மேலே போன பிறகு எழுதுங்கள்.